பேச்சுப் பயிற்சியாளர் பக்கத்திலேயே வேண்டும்

குழந்தைக்கு வயதுக்கேற்ற பேச்சு வரவில்லை என்று தெரிந்ததும், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீட்டுப் பெரியவர்கள் முதலில் விசாரிப்பது பெங்களூரில் யாரைப் பார்க்கலாம் என்பதைத்தான். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் பெங்களூர். தொப்பூர்க் கணவாயைத் தாண்டினால் சேலம். இன்னொரு பக்கம் வேலூர். பெரிய நோய் வந்தால் பெரிய ஊருக்குப் போவது தலைமுறைகளாக நமக்குப் பழகிவிட்ட வழி. அறுவை சிகிச்சைக்கும் அரிய நோயைக் கண்டறிவதற்கும் அந்த வழி சரியானதே. ஆனால் பேச்சுப் பயிற்சி அப்படி ஒருமுறை போய் முடித்துவிட்டு வரும் வேலை அல்ல. வாரம்தோறும் செல்ல வேண்டும்; பல குழந்தைகளுக்கு மாதக்கணக்கிலும் சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் அது நீளும். அஞ்செட்டியிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ வாரம் ஒருமுறை பெங்களூருக்குப் போய்வரத் தொடங்கும் குடும்பம், ஒருநாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் சேர்ந்து அழுத்தும்போது, சில மாதங்களில் பயிற்சியையே நிறுத்திவிடுகிறது. எவ்வளவு பெயர் பெற்ற வல்லுநராக இருந்தாலும் தொடர முடியாத பயிற்சியால் குழந்தைக்குப் பயன் இல்லை. ஆகவே, நோயைக் கண்டறிவதற்கு ஒருமுறை எவ்வளவு தூரமும் போகலாம், வாராந்தரப் பயிற்சிக்கு மட்டும் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் இருப்பவரையே தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதை நான் என் அக்காள் மகளுக்காகத் தேடி அலைந்தபோது கற்றுக்கொண்டேன். அக்காவும் மாமாவும் பென்னாகரம் வட்டாரத்தின் பல குடும்பங்களைப் போலவே பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்கள். குழந்தை ஊரில் அப்பாயியிடம் வளர்கிறாள். இரண்டரை வயதில் அவளுக்கு 'ம்மா' என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டுவாள், கொடுக்காவிட்டால் தரையில் விழுந்து அழுவாள். உறவினர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவள் அப்பனுக்கும் நான்கு வயதில்தான் பேச்சு வந்தது என்றார்கள். நாக்குக்குக் கீழே இருக்கும் சவ்வை அறுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவச் சொன்னார்கள். நாங்கள் முதலில் காட்டிய ஒரு மருத்துவமனையில், ஐந்து வயதுவரை பார்க்கலாம், தானாக வந்துவிடும் என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் தருகிறது. ஒரு வயதை ஒட்டி முதல் சொல்லும், இரண்டு வயதில் 'பால் தா', 'அப்பா போ' என்பதுபோல் இரண்டு சொல் சேர்ந்த பேச்சும் வந்திருக்க வேண்டும் என்பது குழந்தை மருத்துவத்தில் அடிப்படையான கணக்கு. அந்த வயதைத் தாண்டியும் பேசாத குழந்தையைக் காத்திருக்கச் சொல்வது, மூளை மொழியை மிக விரைவாகப் பற்றிக்கொள்ளும் ஆண்டுகளை வீணாக்குவதாகும். வசம்பைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவுவதுகூட ஆபத்து. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, கைக்குழந்தைகளின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கும்.

பேச்சுப் பயிற்சியாளரைத் தேடும் முன்பே முடித்துவிட வேண்டிய வேலை ஒன்று உண்டு. அது காதுப் பரிசோதனை. தட்டைத் தட்டினால் திரும்புகிறாள், கதவு சத்தத்துக்கு விழிக்கிறாள், ஆகவே காது நன்றாகக் கேட்கிறது என்று வீட்டில் முடிவு செய்துவிடுகிறோம். கனத்த ஓசைகள் கேட்டு, 'ச', 'த', 'ப' போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்கள் கூப்பிட்டால் திரும்புவார்கள், ஆனால் சொல் அவர்களுக்குத் தெளிவாகச் சென்று சேர்ந்திருக்காது. ஓ.ஏ.இ. என்ற பரிசோதனையில் காதுக்குள் ஒரு சிறு முனையை வைத்துச் சில நிமிடங்களில் பார்த்துவிடுவார்கள். பெரா என்ற பரிசோதனையில் குழந்தையைத் தூங்கவைத்து, தலையில் ஒட்டும் சிறு மின்முனைகள் வழியாக ஒலி மூளைத்தண்டுவரை சென்று சேருகிறதா என்று அளப்பார்கள். இதற்குப் போகும் நாளில் குழந்தையைக் காலையில் சீக்கிரமே எழுப்பி, வழியில் தூங்கவிடாமல் கொண்டுபோனால் வேலை எளிதாக முடியும். பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வரையறை. நம் மாவட்டங்களில் அக்காள் மகளையோ அத்தை மகளையோ மணப்பது இன்னும் வழக்கத்தில் இருப்பதால், பிறவிச் செவிக்குறைபாட்டுக்கான வாய்ப்பு அத்தகைய குடும்பங்களில் கூடுதல். அங்கே இந்தப் பரிசோதனையை யாரும் தள்ளிப்போடக் கூடாது. கடுமையான குறைபாடு இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி (அறுவை சிகிச்சை செய்து உட்காதில் வைக்கும் கேட்புக் கருவி) பொருத்தும் வசதி உண்டு. கருவியைப் பொருத்தியபின் கேட்கப் பழக்கும் பயிற்சி நீண்ட காலம் தேவைப்படுகிறது, அதற்கும் பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் இருந்தாக வேண்டும்.

எங்கள் பாப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று முடிவு வந்தது. அதன்பின்தான் யாரிடம் பயிற்சிக்குக் கொண்டுபோவது என்ற கேள்வி எழுந்தது.

இந்தத் தொழிலுக்குரிய படிப்பு பி.ஏ.எஸ்.எல்.பி.; செவியியலும் பேச்சு மொழி நோயியலும் சேர்ந்த நான்காண்டுப் பட்டம், அதில் கடைசி ஓராண்டு மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி. மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இந்தப் படிப்புக்கு நாடறிந்த இடம். பட்டம் பெற்றவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இக்கழகத்தில் பதிவு இல்லாமல் தொழில் செய்வது, ஓராண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றம். பதிவு எண்ணைக் கேட்டால் நல்ல பயிற்சியாளர் எவரும் முகம் சுளிக்க மாட்டார், பெரும்பாலும் சான்றிதழைச் சுவரிலேயே மாட்டி வைத்திருப்பார். அந்த எண்ணைக் கழகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கவும் முடியும். நம் ஊர்களில் செவிக்கருவி விற்கும் கடை, சிறப்புப் பள்ளி, மூளை வளர்ச்சி மையம் என்று பலவற்றின் பலகையிலும் 'ஸ்பீச் தெரபி' என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பவர் சிறப்பாசிரியராகவோ இயன்முறை மருத்துவராகவோ இருக்கலாம். அவர்கள் தம் துறையில் திறமையானவர்களே. குழந்தைக்கு அவர்களும் தேவைப்படலாம். ஆயினும், பேச்சும் மொழியும் ஏன் வரவில்லை என்று ஆராய்ந்து பயிற்சியைத் திட்டமிடுவது அதற்கென்று படித்தவரின் வேலை.

அரசு வழியில் தேடுவதே முதல் படியாக இருக்கட்டும் என்பேன். 2013இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத்திட்டத்தின் மருத்துவக் குழு, அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. குறையைக் கண்டறிந்தால் மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். அந்த மையத்தில் குழந்தை மருத்துவர், உளவியலாளர், இயன்முறை மருத்துவர் ஆகியோருடன் பேச்சுப் பயிற்சியாளரும் இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் அமைப்பு. பணியிடம் நிரம்பியிருக்கிறதா, எந்தெந்த நாளில் வருவார் என்பதை நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் குழந்தையைக் கூட்டிச் செல்ல வேண்டும். தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் திறந்தார்கள். இரண்டிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டால், அங்கேயே இருப்பவரையோ வெளியில் நம்பத்தக்கவரையோ சொல்வார்கள். ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், பள்ளிப் பிள்ளையாக இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலும் விசாரிக்க வேண்டும். வள மையத்தின் சிறப்பாசிரியர்களுக்குத் தெரியும் அளவுக்கு வேறு யாருக்கும் இந்த விவரம் தெரிவதில்லை. எந்தப் பயிற்சியாளரிடம் போன பிள்ளை தேறி வந்தது என்பதை ஆண்டுதோறும் வகுப்பில் பார்க்கிறவர்கள் அவர்கள். எங்களுக்கு வழி காட்டியதும் ஒரு சிறப்பாசிரியரே.

அவர் சொன்ன பயிற்சியாளர் அரூர்ப் பக்கத்துப் பெண். தருமபுரியில் சிறிய வாடகை அறையில் பயிற்சி கொடுக்கிறார். முதல் நாள் நானும் அப்பாயியும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனோம். அறையில் பாய் விரித்திருந்தது, சில சமையல் பாத்திரங்களும் மர மாடும் இருந்தன. அவர் எங்களையும் பாயிலேயே உட்காரச் சொன்னார். பேச்சைப் பற்றி எதுவும் கேட்கும் முன்பு, காலையில் பாப்பா எழுந்தது முதல் வீட்டில் என்னென்ன நடக்கும், யார் யார் அவளோடு இருப்பார்கள் என்று அப்பாயியைக் கேட்டு நிதானமாக எழுதிக்கொண்டார். ஆட்டுப்பட்டி, கேழ்வரகுக் களி, புளியமரத்து ஊஞ்சல் எல்லாம் அந்தத் தாளில் ஏறின. பிறகு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் பொரியைப் போட்டு மூடியை இறுக்கிப் பாப்பா கையில் கொடுத்தார். அவள் பிடுங்கிப் பார்த்தாள், திறக்கவில்லை. வழக்கம்போல் அப்பாயியின் கையைப் பிடித்து டப்பாமேல் வைத்தாள். அப்பாயியின் விரல்கள் மூடியைத் தொட்டுவிட்டன. "அம்மா, கொஞ்சம் பொறுங்க, அவ கேக்கட்டும்" என்று பயிற்சியாளர் மெல்லத் தடுத்தார். யாரும் பேசவில்லை. பாப்பா முகம் சிணுங்கியது. பயிற்சியாளர் அவள் கண்ணுக்கு நேராகக் குனிந்து, மூடியில் விரலை வைத்து, "தெ..." என்று பாதிச் சொல்லில் நிறுத்திக் காத்திருந்தார். நெடுநேரம் என்று தோன்றிய ஒரு இடைவெளிக்குப் பிறகு பாப்பா "தெ" என்றாள். உடனே மூடி திறந்தது. "தெற! தெறந்தாச்சு!" என்று சொல்லி நாலு பொரியை மட்டும் கையில் கொடுத்து, மறுபடியும் மூடியை இறுக்கிவிட்டார்.

திரும்பி வரும்போது பேருந்தில் அப்பாயி, "ஏப்பா தம்பி, வெளையாட்டு காட்டுறதுக்கா இம்மாந்தூரம் வந்தோம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மருந்து கொடுப்பார்கள், நாக்கைச் சோதிப்பார்கள் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு அது விளையாட்டாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் அடுத்த வாரத்துக்குள் பயிற்சி அவர் கைக்கு மாறிவிட்டது. ஆடுகளை ஓட்டும்போது 'வா', 'போ'. ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தி 'ஆட்டு' என்று கேட்கும்வரை காத்திருப்பது. களி உருண்டையைப் பிட்டுக் கொடுக்கும்போது 'இன்னும்'. பயிற்சியாளரிடம் கிடைப்பது வாரத்தில் முக்கால் மணி நேரம், மீதி நேரமெல்லாம் வீட்டில்தான். வீட்டில் இருப்பவருக்கு நம்பிக்கையும் முறையும் வரும்படி சொல்லிக் கொடுப்பவரே நல்ல பயிற்சியாளர் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். பெற்றோர் வெளியூரில் வேலை செய்ய, பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளரும் இந்த வட்டாரத்தில், அறுபது வயதுக்காரருக்குப் புரியும்படி பேசத் தெரிந்திருப்பது ஒரு தகுதியாகவே கருதப்பட வேண்டும்.

அருகில் இருப்பவர் வேண்டும் என்பதற்கு மொழியும் ஒரு காரணம். நகரத்து மையங்கள் சிலவற்றில் படம் காட்டி ஆங்கிலச் சொற்களைச் சொல்லவைக்கிறார்கள். குழந்தை 'ஆப்பிள்' என்று சொல்லிவிடும், வீட்டில் தண்ணீர் கேட்கத் தெரியாது. முதலில் வர வேண்டியது வீட்டில் அன்றாடம் புழங்கும் சொல். கிருஷ்ணகிரி, ஓசூர், வேப்பனப்பள்ளிப் பக்கங்களில் இது இன்னும் முக்கியம். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று வளரும் குழந்தைகள் அங்கே ஏராளம். பேச்சுத் தாமதமானால், பல மொழி பேசிக் குழப்பியதுதான் காரணம், ஒரே மொழியில் பேசுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை என்பதை ஆய்வுகள் தெளிவாகக் காட்டியுள்ளன. பாட்டியின் தெலுங்கை நிறுத்தினால் குழந்தையிடம் அதிகம் பேசும் ஆளின் வாயையே அடைத்ததாகும். அந்த மொழிகளை அறிந்த, குறைந்தது மதிக்கிற பயிற்சியாளர் அந்தப் பகுதியிலேயே கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சேரும் முன்பு சிலவற்றை வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். பயிற்சி நேரத்தில் நான் உள்ளே உட்காரலாமா என்பது முதல் கேள்வி. முடியாது என்றால் வேறிடம் பார்ப்பது நல்லது. அடுத்த மூன்று மாதத்தில் குழந்தை எதைச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும், அதை எழுதிக் கொடுப்பீர்களா என்பதையும் கேட்க வேண்டும். 'மூன்று மாதத்தில் பேசவைத்துவிடுவேன்' என்று உறுதி சொல்பவரிடமும், ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டச் சொல்பவரிடமும் எச்சரிக்கை தேவை. ஊதல் ஊதுவது, மெழுகுவத்தியை அணைப்பது, நாக்கை நீட்டி மடக்குவது மட்டுமே வாரக்கணக்கில் நடந்தால், இதனால் பேச்சு எப்படி வரும் என்று விளக்கம் கேட்கலாம். பேச்சு, பேச்சாலும் பேச வேண்டிய தேவையாலும் வருமே ஒழிய, ஊதுவதால் வரும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. படத்தைத் தொட்டுக் கேட்கவோ சைகை காட்டவோ பழக்கினால் பிள்ளை பேசாமலே இருந்துவிடும் என்று நாம் அஞ்சுவதுண்டு. அந்த அச்சம் தேவையில்லை. கேட்க ஒரு வழி கிடைத்த குழந்தைக்கு அழுகை குறைகிறது, பேச்சுக்கும் அது தடையாவதில்லை. பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத, கண்ணைப் பார்க்காத குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று பயிற்சியாளர் ஐயப்பட்டால், அதை வெளிப்படையாகச் சொல்லி உரிய மருத்துவரிடம் அனுப்புபவரே நம்பத்தக்கவர். அப்போது சென்னை முட்டுக்காட்டிலுள்ள, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனத்துக்கோ மைசூருக்கோ ஒருமுறை போய் முழு மதிப்பீடு செய்துகொண்டு, அந்த அறிக்கையோடு ஊருக்குத் திரும்பிப் பயிற்சியைத் தொடரலாம். இடையிடையே வாட்ஸ்அப் காணொளியில் பேசிக்கொள்வதும் பயன்படும், சிக்னல் கிடைக்கும் ஊராக இருந்தால்.

இதெல்லாம் குழந்தைகளுக்கு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. பக்கவாதம் வந்து பேச்சு போனவருக்கும் இதே பயிற்சியாளர்தான் தேவை. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் பலருக்கும் சொல் வராமல் போகிறது. புத்தி மங்கிவிட்டது என்று வீட்டார் நினைத்து அவரை முன்னால் வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுவது பெருங்கொடுமை. கை, காலுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் தேடும் குடும்பங்கள் பேச்சுக்கும் தேட வேண்டும், அதுவும் முதல் வாரங்களிலேயே. தண்ணீர் குடிக்கும்போது அவருக்கு இருமலோ புரையேறலோ வந்தால், அதையும் பயிற்சியாளரிடம் சொல்ல வேண்டும். விழுங்குவதைச் சீராக்குவதும் அவர் வேலையே. தண்ணீரைவிடக் கூழ் போன்ற கெட்டியான நீராகாரம் சிலருக்குப் பாதுகாப்பானது, யாருக்கு எவ்வளவு கெட்டி என்பதை அவர் பார்த்துச் சொல்வார். திக்கிப் பேசும் பிள்ளைகளையும் இங்கே சேர்க்கிறேன்: இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் திக்கல் தொடங்குவது இயல்பு, பெரும்பாலோருக்கு அது மறைந்தும் விடும். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ காட்டிவிட வேண்டும். 'நிதானமாச் சொல்லு' என்று அதட்டுவதால் திக்கல் குறைவதில்லை.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் செவிக்குறைபாடும் ஆட்டிசமும் தனித்தனியே இடம்பெறுகின்றன. சான்றிதழும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும் வாங்கிவைத்தால் உதவித்திட்டங்களுக்கும் பேருந்துச் சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்கு நிராமயா என்ற காப்பீடு ஓராண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை உண்டு. முத்திரை விழுந்துவிடும் என்று பெண் குழந்தைகளுக்குச் சான்றிதழ் வாங்கத் தயங்கும் வீடுகளை அறிவேன். அந்தத் தயக்கத்தால் நட்டப்படுவது அந்தப் பெண்ணே.

இவ்வளவும் செய்தபின்னும், மாவட்டத் தலைநகருக்கே வர இரண்டு பேருந்து மாற வேண்டிய குடும்பங்களுக்கு இது எட்டவில்லை. பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை, அரூர் அரசு மருத்துவமனைகளிலோ சுகாதார நிலையங்களிலோ வாரம் ஒரு குறிப்பிட்ட நாளில், சந்தை நாளாக இருந்தால் இன்னும் நல்லது, ஒரு பேச்சுப் பயிற்சியாளர் வந்து உட்கார வேண்டும் என்று திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கேட்கலாம். தனி ஒரு வீட்டின் மனுவாக இல்லாமல், அந்த வட்டாரத்து அங்கன்வாடிகளில் பேச்சு வராத பிள்ளைகள் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் என்ன வயது, இப்போது பயிற்சிக்கு எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதை அங்கன்வாடிப் பணியாளரோடு சேர்ந்து எழுதி, பெற்றோர் அனைவரும் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். பென்னாகரத்துக்கான பட்டியலை நாங்கள் எழுதத் தொடங்கியிருக்கிறோம். அந்தப் பக்கத்தில் இப்படி ஒரு குழந்தை உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், உங்கள் அங்கன்வாடியில் பெயரைச் சொல்லிவிடுங்கள்.